அவனுக்கு வந்த அழைப்புகள்

ஜனவரி 9, வெள்ளி

இன்று இரண்டு பேர். ஒருத்தர் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தார், இன்னொருத்தர் வழி கேட்க வந்தார். வழி கேட்டவரையும் சேர்த்துத்தான் இரண்டு. அப்பாயின்ட்மென்ட் டைரி பக்கம் பக்கமாக வெறுமனே கிடக்கிறது, அதில்தான் இதை எழுதுகிறேன். மருமகள் தன் பல் கிளினிக்கின் வரவேற்புப் பெண்ணை நிறுத்தியதிலிருந்து மேசை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குச் சுழல் நாற்காலி.

அவனுக்கு இன்று ஆறு போன். மாடி பீரோவில் அவன் போனை அவனுடைய நீலச் சட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன், சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். அவன் கண்ணை மூடி இரண்டு வருஷம் இரண்டு மாதம். இன்னும் ஆறு பேர் என் பிள்ளையைத் தேடுகிறார்கள். நான் எடுப்பதில்லை. முதல் வாரம் ஒரே ஒரு தடவை எடுத்தேன். "இருக்காரா?" என்றான் ஒருவன். இல்லை என்று என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டான். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

மருமகளுக்கு இது தெரியாது. அவன் போன இருபத்துமூன்றாம் நாள், காலை பதினோரு மணி இருக்கும், "அந்த நம்பர மூடிடலாம் அத்தை" என்றாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள். துணி மடித்துக்கொண்டே! சரி என்றேன். மாதாமாதம் முனைக் கடையில் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன்.

ஜனவரி 13

சம்பந்தியம்மா போனில். மருமகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அங்க உக்காந்து யாருக்கு ஈ ஓட்டற? புள்ளையக் கூட்டிட்டு இங்க வந்துடு. உங்க மாமா ஆஸ்பத்திரில சொல்லி வெச்சிருக்காரு."

"மார்ச் கடைசி வரைக்கும் பாக்கறேம்மா."

புள்ளையக் கூட்டிட்டு என்றாள். என்னைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏன் இருக்கப்போகிறது? கல்யாணத்தன்று கிளிப்பச்சைப் புடவையில் பந்தி நடுவே நின்றுகொண்டு, "மாப்பிள்ளைக்குப் படிப்புதான் கொஞ்சம் கம்மி" என்று சொன்னவள்தானே.

மார்ச் கடைசி. எழுபத்தேழு நாள். கிளினிக் நின்றால் இவள் போவாள், பேத்தியும் போவாள். இந்த மாடியில் நானும் பீரோவும்.

ஜனவரி 20

வெப்சைட்காரர் ஒருவர் வந்தார். நெட்டில் தேடினால் நம் கிளினிக்கை மேலே கொண்டுவருவாராம்.

"பல்லு வலிக்கிறவன் இப்பல்லாம் தெருவுலயா தேடறான்? போன எடுத்து 'பக்கத்துல பல் டாக்டர்'னு போடுவான். மேல மூணு பேரு வருவாங்க. அதுல ஒருத்தருக்கு அடிப்பான். நீங்க ரெண்டாம் பக்கத்துல இருக்கீங்கம்மா."

"ரெண்டாம் பக்கத்துக்கு யார் போவா?"

"பல்லே இல்லாதவன்கூடப் போக மாட்டான்."

எப்போது மேலே வருவோம் என்றேன். மூணு மாசம் என்றார். வெப்சைட்டைத் திறந்தால் படம் வர இவ்வளவு நேரமாகிறதே, எப்போது சரியாகும்? அதற்கும் சேர்த்து மூணு மாசம். அப்போதே ஆளுக்கு மூணுமாசம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஆனால் ஆள் மோசமில்லை. வெப்சைட்டில் வேர் சிகிச்சைக்கு எண்டோடான்டிக்ஸ் என்று போட்டிருக்கிறதாம். "நோயாளிங்க உங்ககிட்ட என்னன்னும்மா கேப்பாங்க?" என்றார். கடைவாய்ப் பல் சொத்தை, தாடை வீங்கிப்போச்சு, புடுங்கணுமா காப்பாத்தலாமா, வலிக்குமா — சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அப்படித்தான் தேடவும் செய்வார்களாம், அந்தச் சொல்தான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம்.

பிறகு நெட்டில் நம் கிளினிக்கைப் பற்றி ஜனங்கள் எழுதியிருப்பதை வாசித்தார். பழைய இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள். புதிதாக வந்த மூன்றுக்கும் ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். "எத்தனை தடவை அடித்தாலும் போனை எடுப்பதில்லை." மூன்றிலும் அதே பாட்டு. நான் இந்த மேசையை விட்டு அசைவதில்லை! எதிரில் இன்னொரு பல் டாக்டர் புதுக் கடை திறந்திருக்கிறானே, அவன் எழுத வைத்திருப்பான். மூன்று பேரின் பெயரும் எனக்கு மறக்காது.

பிப்ரவரி 2

யாரும் வரவில்லை. நோயாளி நாற்காலியை இரண்டு தடவை துடைத்தேன். அவனுக்கு நாலு.

பிப்ரவரி 10

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மூணுமாசம் மறுபடி வந்தார். பேர், விலாசம், போன் நம்பர், இந்த மூன்றும் எல்லா இடத்திலும் அச்சு மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டுமாம். "உங்க போர்டுல ஒரு நம்பர் இருக்கு. நெட்ல, மேப்புல எல்லாம் வேற நம்பர்" என்று வாசித்துக் காட்டினார்.

மருமகள் கையுறையை ஒரு கையில் கழற்றி, மறு கையில் கழற்றாமல் நின்றாள்.

"அது அவரோட நம்பர். கிளினிக் தெறந்தப்ப எல்லாம் அவர்தான் போட்டாரு. அது எப்பவோ மூடியாச்சே, போர்டுலயும் மாத்தியாச்சே."

"இல்லீங்களே. நேத்து நாலு மணிக்கு நானே ரெண்டு தடவ அடிச்சேன். ரிங் போகுது, யாரும் எடுக்கல. வேற யாருக்காவது குடுத்திருப்பாங்க. நெட்ல பாத்து அடிக்கிறவன் எல்லாம் அங்கதான் போறான்."

நேற்று அவனுக்கு ஐந்து. அதில் இரண்டு நாலு மணிக்கு வந்தவை. நான் பார்த்தேன்.

அப்படியானால் மற்ற மூன்று? போன மாதத்து ஆறு? இந்த இரண்டு வருஷமும்? யாரும் என் பிள்ளையைத் தேடவில்லை. ஒருத்தர்கூட இல்லை. எல்லாம் பல்வலிக்காரர்கள். தாடையைப் பிடித்துக்கொண்டு அடித்திருக்கிறார்கள், நான் சட்டைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு எண்ணிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவன் பெண்டாட்டி பிழைப்பை நானே பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன்.

ஒற்றை நட்சத்திரம் போட்ட அந்த மூன்று பேரும் பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

சொன்னால் போய்விடுவாள். இப்படிப்பட்டவளோடு யார் இருப்பார்கள்? சொல்லாவிட்டால் கிளினிக் மூடும், அப்போதும் போய்விடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

போனைக் குப்பைத் தொட்டிவரை கொண்டுபோனேன். முடியல. திரும்பக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 16

மேப்பில் இருப்பதை மாற்ற வேண்டுமென்றால் பழைய நம்பருக்கு ஆறு இலக்கம் வருமாம், அதைச் சொல்ல வேண்டுமாம். "அந்தப் போன் இல்ல. விட்டுட்டுப் புதுசாத் தொடங்கலாம்" என்றார் மூணுமாசம். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேர்? "அது போயிடும்." புதுசு மேலே வர எத்தனை நாள்? அவரே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்.

"அப்ப வேண்டாங்க. விட்டுடலாம்" என்றாள் மருமகள். இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லும்போது ஒரு குரல் வருமே, அதே குரல்.

மாடிக்குப் போனேன். இறங்கி வந்து சட்டையோடு போனை மேசைமேல் வைத்தேன். அவள் சட்டையைத்தான் முதலில் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமாவா அத்தை?"

போனைச் சட்டையிலிருந்து பிரித்தாள்.

"நான் தெனம் இங்க உக்காந்து, எங்கிட்ட என்ன கொறைன்னு... என் கை சரியில்லையோன்னு..."

மூணுமாசம் ஏதோ அழுத்தினார், போன் ஒளிர்ந்தது. அவள்தான் எடுத்து ஆறு இலக்கத்தையும் வாசித்தாள். நாலாவதை இரண்டு தடவை வாசித்தாள். அவர் வேலையை முடித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர்கூட வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

"அது அடிச்சா அவர் எடுப்பாருன்னு திரும்பித் திரும்பிப் பாப்பேன். அதான் அன்னிக்கு மூடச் சொன்னேன். வேற என்ன நெனச்சீங்க?"

நான் வேறு நினைத்தேன். இரண்டு வருஷமாக வேறுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 17

பேசவில்லை.

பிப்ரவரி 20

பேசவில்லை. தட்டை முன்னால் வைக்கிறாள், சத்தமில்லாமல். சத்தமாக வைத்தாலாவது தேவலை.

பிப்ரவரி 24

எல்லா இடத்திலும் போட எந்த நம்பர் என்று மூணுமாசம் கேட்டார்.

"அவரோடதே இருக்கட்டும். ஜனங்ககிட்ட அதுதான் இருக்கு. போர்டையும் மாத்திடுங்க."

"யாரு எடுப்பாங்க மேடம்?"

"அத்தை எடுப்பாங்க."

என்னால முடியாதும்மா என்றேன். எட்டு நாள் கழித்து இன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள். "முடியலன்னா சொல்லுங்க. மார்ச் எதுக்கு, இன்னிக்கே மூடிடறேன்."

மார்ச் 3

காலையில் அவன் போன் மூன்று தடவை அடித்தது. மூன்றும் அடித்து ஓய்ந்தது. கை போகவில்லை. நான் ஒரு ஜென்மமா?

மத்தியானம் மறுபடி. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. அவள் வெளியே வரவில்லை, நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. எடுத்தேன்.

"பல் டாக்டருங்களா? பொண்ணு படியில விழுந்துட்டா. முன் பல்லு முழுசா வந்துடுச்சு."

"பால் பல்லா?"

"இல்லீங்க, பத்து வயசு."

"பல்லு எங்க இருக்கு?"

"கையிலதான்."

"வேரத் தொடாதீங்க. தேச்சுக் கழுவாதீங்க. ஒரு டம்ளர் பால்ல போட்டு இப்பவே கொண்டு வாங்க. பொருத்திடலாம்."

"நீங்கதான் டாக்டரா?"

"டாக்டரோட அத்தை."

உள்ளே மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மார்ச் 19

ஐந்து பேர், நாலு பேர், ஏழு பேர், நேற்று இரண்டே பேர். இன்னும் இரண்டாம் பக்கம்தான். பொறுக்க வேண்டும் என்கிறார் மூணுமாசம். பொறுக்க எனக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. சம்பந்தியம்மா இந்த வாரம் மூன்று தடவை பேசிவிட்டாள். மருமகள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள். காதைத் தீட்டியும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஒற்றை நட்சத்திரக்காரர்கள் மூவருக்கும் பதில் எழுதச் சொன்னேன். "தவறு எங்களுடையது. இப்போது எடுக்கிறோம்." அவ்வளவுதான். யாரிடமும் இப்படிச் சொன்னதாக நினைவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

எட்டு பேர் வந்தார்கள். எட்டு போதுமா, போதாதா? அவளைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று சொல்லவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்கு வந்தார்கள். தையல்காரரிடம் போயிருந்தார்களாம், அடுத்த வருஷத்துக்கு இதே பள்ளியின் சீருடைக்கு அளவு கொடுக்க.

"பாட்டி, அம்மா ரெண்டு வருஷம் போடற மாதிரி துணி விட்டுத் தைக்கச் சொன்னாங்க. கீழ தொங்கப் போகுது" என்று அழுகிறாள் சின்னவள்.