மூச்சை மிச்சம் வைத்துப் பாடுகிறவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது, கடைசியில் என்ன சொன்னார் என்று நீ போனில் கேட்கிறபோதெல்லாம் நான் பேச்சை மாற்றுகிறேன் என்று உனக்குக் கோபம், தெரியும்.

நான் கூட்டித் துடைக்கிற அரங்கத்துக்கு ஒரு பெரிய பாட்டுக்காரர் வந்திருக்கிறார், ஓபரா என்று கதை முழுக்கப் பாட்டாகவே பாடுவார்களே, அது. அவர் ஒத்திகை பார்க்கும்போது தூசி உறிஞ்சும் மிஷினை நிறுத்திவிட வேண்டும், அதனால் கடைசி வரிசை நாற்காலிகளைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டேன். மைக் கிடையாது கண்ணு. மேடையில் முணுமுணுக்கிற மாதிரி பாடுகிறார், அது அத்தனை நாற்காலியும் தாண்டி வந்து என் காதுக்குள் உட்காருகிறது. தோள் ஏறவில்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை, விலா மட்டும் பக்கவாட்டில் விரிந்து அப்படியே நிற்கிறது. உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்துப் பெரிதாக்கி, பிறகு நூல் மாதிரி இழைத்துக்கொண்டே போனார், இதோ அறுந்துவிடும் என்று பார்க்கிறேன், அறவில்லை. நமக்கு அழுகை வந்தால் தொண்டை அடைக்கும், இந்த மனுஷன் தொண்டையைத் திறந்து வைத்துக்கொண்டே அழுகிறார்.

அப்புறம் நான் ஒரு கூத்துப் பண்ணினேன். சுரம் முடியவே இல்லை, என் கை தானாகத் தண்ணீர் பாட்டிலை எடுத்தது, ஓடிப்போய் மேடைக்குக் கீழே நின்று, போதும் சார், உக்காருங்க, மெதுவா மூச்சு விடுங்க என்று சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாக, மூச்சு முட்டுகிறபோதெல்லாம் அப்பாவுக்குச் சொன்ன அதே வார்த்தை. மேற்பார்வை பார்க்கிற அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், துடைக்க வந்தியா வைத்தியம் பாக்க வந்தியா என்று. பியானோக்காரர் சிரித்தேவிட்டார். பாட்டுக்காரர் சிரிக்கவில்லை. குனிந்து தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, பயப்படாதீங்கம்மா, கடைசியில கொஞ்சம் மூச்சை எப்பவும் மிச்சம் வச்சிருப்பேன், அதைத் தொடவே மாட்டேன், அதான் என் தொழிலே என்றார். வீட்ல யாருக்கு முடியாம இருந்துச்சு என்று கேட்டார், சொன்னேன். அந்த இடத்தையே மறுபடி பாடினார். பதினொரு வருஷம் துடைத்த நாற்காலியில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன், அப்பா போன அன்று வராத அழுகை அங்கே வந்தது.

அதனால் சொல்லிவிடுகிறேன். அப்பா கடைசியில் உன் பேரைத்தான் சொன்னார், பாதிதான் வந்தது. சொன்னால் நீ ஒடிந்துபோவாய் என்று மறைத்தேன். இருந்த மூச்சை மிச்சம் வைக்காமல் அதற்குத்தான் செலவு பண்ணினார் கண்ணு.

பிள்ளைக்கு இருமல் என்றாயே, வெந்நீர் கொடு, ஜன்னலைச் சாத்தியே வைக்காதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, உன் பேரை முழுசாக ஒரு தடவை கூப்பிட வேண்டும் எனக்கு.

உன் அம்மா