மருந்துக்குப் பழைய விலை

கண்ணு,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. பதினோரு மணிக்கு பிளம்பர் வருவார், கதவைத் திறந்து விடு.

நேற்று உன்னைக் கேட்காமல் ஆன்லைன் கேமுக்குள் நீ நடத்தும் கடையில் மருந்து விலையை மூன்று மடங்கு ஏற்றியது தப்புதான். பழக்கடை நடத்துகிற கை இது, சும்மா இருக்கவில்லை. நீ கோபத்தில் கேமை அப்படியே மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டாய்.

காலையில் பார்த்தேன், ஒன்றுகூட விற்கவில்லை. புதிதாக ஆட வந்த யாரோ எழுதியிருந்தார்: "அக்கா, உங்க கடையை நம்பித்தான் குகைக்குள்ள போனேன். நீங்களும் மத்தவங்க மாதிரி ஆயிட்டீங்களே!"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பழைய விலையையே போட்டுவிட்டேன். ஏற்றியது அப்பாதான் என்று அவருக்கு எழுதிவிடு.

அப்பா

பி.கு. அவருக்குப் பத்து புட்டி மருந்து சும்மா அனுப்பலாமா என்று கை பரபரத்தது. அனுப்பவில்லை. நீ என்ன சொல்கிறாய்?