‘ஆம்’ என்று எழுதினேன்

மார்ச் 12, வியாழன்

கைத்தறி நெசவாளர்களைப் பற்றிய என் எம்.ஏ. புராஜெக்டோடு தர வேண்டிய உறுதிமொழித் தாளில் ‘ஏஐ பயன்படுத்தினீர்களா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. வகுப்பில் எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதினார்கள். நான் ‘ஆம், ஆங்கிலத்தைத் திருத்த’ என்று எழுதினேன். வீட்டில் முதல் பட்டதாரி நான். என் ஆங்கிலத்தைப் பார்த்துக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

பக்கத்தில் இருந்த நித்யா எட்டிப் பார்த்தாள். “கைத்தறின்னு நம்பி வர்றவங்ககிட்ட, இது பவர்லூம்னு நீயே சீட்டு ஒட்டிகினு நிப்பியாடி? மார்க் போச்சு, போ.”

மதியம் புராஜெக்டைத் திருத்தும் மேடம் கூப்பிட்டு விவரம் கேட்டார். நான் தமிழில் எழுதியதையும் ஏஐ தந்த ஆங்கிலத்தையும் காட்டினேன். தறிக்கார அக்கா ஒருவர் ‘முதுகு வலிக்குது’ என்று சொன்னதை, அது ‘பாரம்பரியத்தைப் பெருமையோடு சுமக்கிறார்’ என்று மாற்றியிருந்தது. அதை அடித்துவிட்டு, முதுகுவலியையே திரும்ப எழுதியிருந்தேன்.

மேடம் சிரித்துவிட்டார். “மார்க் எதுவும் குறையாதும்மா. நாளைக்கு கிளாஸ்ல எல்லாருக்கும் இதைக் காட்டிப் பேசு.”

“நானாங்க மேடம்?”

“வேற யாரு?”

மார்க் போயிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வருகைப்பதிவுக்குத் தவிர அந்த வகுப்பில் நான் வாய் திறந்ததே இல்லை. ஆனாலும் சாப்பிடும்போது எனக்குத் தானாகச் சிரிப்பு வந்தது.

இப்போதுதான் நித்யா போன் செய்தாள். “முன்னாடி பெஞ்சுல உக்காந்துகினு இருப்பேன். என்னையே பாத்து பேசு. அப்புறம், நானும் அந்தத் தாளை மாத்தி எழுதித் தரலாமான்னு மேடத்தைக் கேட்டு சொல்றியா?”

இவளுக்காகப் பேசுவதற்கும் நான்தான் போக வேண்டுமாம்.