நிச்சயமாகப் பனி என்று நான் சொன்ன வெள்ளிக்கிழமை

இன்று காலை வானிலை நிலையத்துக்கு வேலைக்குப் போய்க் கணினியைத் திறந்ததும் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. நாளைய ரொறன்ரோவை ஒன்று நீலமாகக் காட்டியது, மற்றது பச்சையாக. நீலம் என்றால் பனி, பச்சை என்றால் மழை. நவம்பர் தொடக்கத்தில் வானிலையைக் கணிக்கும் இந்த இரண்டு கணினி மொடல்களும் இப்படிப் பிடுங்குப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. எல்லோரும் கோப்பியோடு கூடி நின்று கதைத்தார்கள். எனக்கு உன் நினைவு வந்து, கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

நாலு வருடத்துக்கு முந்திய அந்த வெள்ளிக்கிழமையும் இதே கதைதான். ஏரி இன்னும் சூடு ஆறாமல் கிடந்தது. புயல் ஏரிக்குத் தெற்கால் போனால் மொன்றியல் வழியில் கிங்ஸ்ரன் தாண்டியும் கணுக்கால் மறையப் பனி. கொஞ்சம் வடக்கால் வந்தால் வெறும் மழை. ஒரு மொடல் முதலாவதைச் சொன்னது, மற்றது இரண்டாவதை.

பின்னேரம் நீ போன் எடுத்தாய். ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் ஒரே மாடியில் பதினைந்து வருடம் எதிரெதிர்க் கதவு நாங்கள். ஆனாலும் நான் வேலையில் நிற்கும்போது நீ எடுப்பதில்லை. மொன்றியலில் அப்பாவுக்குக் கடுமையாம், விடிய வெளிக்கிடப் போகிறாயாம், காருக்கு இன்னும் பனியில் வழுக்கும் கோடை ரயர்தானாம்.

"மழையோ ஸ்னோவோ? உங்கடை ரேடியோக் கதை வேண்டாம், எனக்கு ஒண்டைச் சொல்லு."

"ஸ்னோதான். நிச்சயம். நாளைக்கு வெளிக்கிடாதை, ஞாயிறு போ."

சரி என்றாய். அதற்குப் பத்து நிமிடம் முந்தித்தான், ஊருக்கெல்லாம் போகும் அறிக்கையில் மழையாகவும் இருக்கலாம், பனியாகவும் இருக்கலாம் என்று என் கையாலேயே எழுதி அனுப்பியிருந்தேன். முகம் தெரியாத சனத்துக்கு உண்மையை எழுதிவிட்டு உனக்குப் பொய் சொன்னேன். அரைவாசிக்கு அரைவாசி என்றால் நீ போயிருப்பாய், அது எனக்கு நல்லாய்த் தெரியும். வழியில் ஏதும் நடந்தால், நான் சொல்லித்தான் போனாய் என்று ஆகிவிடும். உன்னில் உள்ள அக்கறை என்று அன்று என்னை நானே பேய்க்காட்டினேன். பயந்தது எனக்காகத்தான்.

சனிக்கிழமை பெய்தது மழை. பொழுதுபடும்வரை மழையாகவே பெய்தது. காலை பத்து மணிக்கு, இப்போதாவது வெளிக்கிடு என்று சொல்ல உன் கதவுவரை வந்தேன். தட்ட வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய்விட்டேன். அப்பா போனது பின்னேரம் ஆறு மணிக்கு. ஆறு மணித்தியால ஓட்டம்தான், பத்துக்கு வெளிக்கிட்டிருந்தாலும் நீ போய்ச் சேர்ந்திருப்பாய். நீ அழுத சத்தம் என் குசினிவரை கேட்டது.

செத்தவீடு முடிந்து வந்தும் நீ என்னைக் குறை சொல்லவில்லை. உன்ரை வேலை நல்ல வேலை, பிழை விட்டாலும் ஒருத்தரும் வேலையால கலைக்க மாட்டினம் என்று பழையபடி பகிடிதான் விட்டாய். நானும் சிரித்தேன்.

போன மாசியில், ஆஸ்பத்திரியில் குரல் இறங்கிக் கிடந்தபோதுதான் முதல்முறையாகக் கேட்டாய்.

"அண்டைக்கு உனக்கு நிச்சயமாத் தெரியும்தானே? நான் போகாமல் விட்டது என்ரை பிழை இல்லைத்தானே?"

இத்தனை காலமும் நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாய் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ஓம், நிச்சயமாத் தெரியும். உன்ரை பிழை இல்லை."

அப்ப சரி என்று கண்ணை மூடினாய். உன் நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. உன் பார்வை என்னில் மாறிவிடும் என்று அப்போதும் பயந்தேன். ஒரு கிழமைக்குள் நீ போய்விட்டாய்.

இப்போது யார் கேட்டாலும், தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். இன்று மத்தியானம் உன் மகள் எடுத்து, நாளைக்கு மொன்றியல் போகலாமோ என்று கேட்டாள். தெரியாது பிள்ளை, அரைவாசிக்கு அரைவாசி என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப நான் இண்டைக்கே வெளிக்கிடுறன் அன்ரி."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரமும் வீதி காய்ந்துதான் கிடந்தது. ஞாயிறு போ என்று முடிவையும் நானே சேர்த்துச் சொன்னபடியால், அன்றைக்கே வெளிக்கிடலாம் என்று நீ யோசிக்கவே இல்லை.