மஞ்சள் புத்தகத்து இராமையா

கோலா சிலாங்கூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கண்மணிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் இங்கே நலம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பெர்த்தில் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே ஒரு வாரமாக மழை, எனக்கு முழங்கால் வலி விட்டு விட்டு வருகிறது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், சின்னவனை வெறுங்காலோடு தரையில் விடாதே. இதெல்லாம் கைப்பேசியில் சொல்லக்கூடாதா என்பாய். இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைப் பேச ஆரம்பித்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், உன் அண்ணன் முகுந்தன் முன்னால் எனக்கு அது வேண்டாம், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டுப் போனை அடுத்த மாதக் கடைசியில் வெட்டப்போகிறார்கள். முகுந்தன் சொல்வதும் சரிதான், அதில் யார் கூப்பிடுகிறார்கள். சுங்கை பஞ்சாங் வயல்காரர்கள்கூடப் பம்பு கெட்டால் கைப்பேசியில் தட்டிப் பார்த்து நம் பட்டறைக்கு வந்துவிடுகிறார்கள். முன்பு வருஷா வருஷம் வாசலில் வந்து விழுமே மஞ்சள் புத்தகம், கடைக்காரர்கள் நம்பரெல்லாம் போட்டுச் செங்கல் கனத்தில், அது வருவது நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. பழையதையெல்லாம் முகுந்தன் எண்ணெய் ஒழுகும் இஞ்சினுக்கு அடியில் கிழித்துப் போட்டுவிட்டான். ஒன்றை மட்டும் நான் எடுத்துவந்து சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஓடாது, ஆனாலும் அதில் அப்பாவைப் பற்றிய வரி எந்த இடத்தில் இருக்கிறது என்று இருட்டில்கூட விரல் வைப்பேன்.

நீ அப்போது சின்னவள், முழுக் கதையும் உனக்குத் தெரியாது. அப்பா தங்கராஜு ஏ எல் இராமையா என்று எழுதிக்கொடுத்ததில் முன்பாதி விழுந்துபோய், ஏ எல் இராமையா, பம்பு ரிப்பேர் என்று அச்சாகி வந்தது. இன்னாருக்கு மகன் என்று நாம் போடும் ஏ எல்லை இனிஷியல் என்று நினைத்துவிட்டார்கள். மலாய்க்காரர், சீனர் எல்லாரும் அப்பாவை மிஸ்டர் ராமையா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு ஆத்திரம், இது உங்கள் அப்பா பேர், உங்கள் பேரே இல்லையே, திருத்தச் சொல்லுங்கள் என்று சண்டை பிடித்தேன். அப்பா சிரித்துக்கொண்டே, "தோட்டத்துல வேல வாங்குற மண்டோரு எங்கப்பாவ ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. இப்ப ஊரே மிஸ்டர் போடுது, இருக்கட்டும்லா" என்றார். அதற்குப் பிறகு திருத்தும் பேச்சை விட்டுவிட்டேன். போனை எடுத்தால் நானும் இராமையா வீடுதான் என்று சொல்லிப் பழகிக்கொண்டேன்.

போன வாரம் போன் அடித்தது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவதற்குள் உன் அண்ணி உஷாராணி எடுத்து, அப்படி யாரும் இங்கே இல்லை, ராங் நம்பர் என்று மலாயில் சொல்லி வைத்துவிட்டாள். யாரம்மா என்று கேட்டேன். "யாரோ வயசான மலாய்க்காரரு அத்தை, ராமையாவாம். பழைய புத்தகத்தப் பாத்து அடிச்சிருப்பாரு" என்றாள். அவள்மேல் தப்பில்லை. அவள் வீட்டுக்காரன் பெயருக்குப் பின்னால் வருவது தங்கராஜு, இராமையா என்பது அவள் காதில் விழ வழியே இல்லை. அப்பாவின் சாம்பலைக் கடலில் கரைத்தபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய், தாத்தாவுக்கும் அப்படித்தான், போய் நின்று பார்க்க ஒரு கல்கூடக் கிடையாது. கேட்டு வந்த ஒரு மனுஷரையும் இல்லை என்று அனுப்பிவிட்டோமே. அன்றிலிருந்து காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் போன் பக்கத்தில்தான். மறுபடி அடிக்கவில்லை.

நான் யாரிடமும் எதுவும் கேட்காதவள், உனக்கே தெரியும். இதை மட்டும் செய். வெட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் நம் வீட்டு நம்பருக்கு அடி. அம்மா என்று ஆரம்பிக்காதே, மிஸ்டர் ராமையா இருக்கிறாரா என்று கேள். இராமையா வீடுதான் என்று நான் சொல்லவேண்டும். அப்புறம் வெட்டிக்கொள்ளட்டும்.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். பகலில் அடி, உஷாராணி வேலைக்குப் போயிருப்பாள். சட்டென்று வைத்துவிடாதே, நான் எழுந்து வர நேரமாகும்.

இப்படிக்கு,
உன் அம்மா நவமணி