பெண்ணை அழைத்துப்போக முடியாத காரணம்

துடியலூர்
14.5.1996

பவானியில் இருக்கும் சம்பந்தி சென்னியப்பன் அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நாச்சிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பூவாத்தாளும் சுகம். வீடு சுகமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை மழைக்கு முன்னால் ஒரு சூறைக்காற்று வந்தது. எங்கள் கிரகப்பிரவேசத்தன்று நீங்கள் அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க சம்பந்தி, கூரையச் சுவத்தோட கம்பி போட்டு இழுத்துக் கட்டலீங்களா?" என்று கேட்டீர்கள். கம்பி தெரிந்தால் ஹாலின் அழகு கெட்டுவிடும் என்பது என் கருத்து. "எங்கூர்ல காத்துக்கூட மரியாதையாத்தானுங்க வீசும்" என்று சொல்லி, வந்தவர்களைச் சிரிக்கவைத்தேன்.

காற்று மரியாதையாகத்தான் வந்தது. மேற்கே நான் ஆளுயரத்துக்கு வைத்த ஜன்னல்கள் வழியே உள்ளே நுழைந்தது. வெளியேற வழி இல்லாததால், ஷீட்டுக் கூரையைச் சட்டத்தோடு தூக்கிப் பங்காளி மாசாணத்தின் சோளக்காட்டில் வைத்துவிட்டது. பின்னாலேயே மேற்குச் சுவரும் சரிந்தது. நாங்கள் இருவரும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்ததால் தப்பினோம். மாசாணம் வந்து, "கூரை நம்ம காட்டுலதானுங்க கெடக்குது. அவசரமில்லீங்க, மெதுவா வந்து எடுத்துக்குங்க" என்றான். ஊரே துக்கம் விசாரிக்க வந்ததுபோல் வந்து, வானத்தைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

இப்போது மோட்டார் ரூமில் படுத்துக்கொள்கிறோம். அதற்கு நான் பிளான் போடவில்லை. அதனால் நிற்கிறது.

வருகிற ஞாயிறு கட்டுச்சோறு கொண்டுவந்து, தலைப்பிரசவத்துக்குப் பிரவீனாவை அழைத்துவருவதாக இருந்தோம். "வாயும் வயிறுமா வர்ற புள்ளைய எங்கீங்க படுக்கவெப்பீங்க, உங்க சன்னல்லயா?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

நிச்சயத்தன்று உங்கள் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தவன், "இது ஊடுங்களா, ஜமக்காளக் குடோனுங்களா?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தீர்கள். தாழ்ந்த கூரை, தடித்த சுவர், சின்ன ஜன்னல். இவையெல்லாம் எதற்கென்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வீடு செலவாயிற்று.

முதல் பிரசவம் பெண்வீட்டில் என்பதுதான் முறை. முறையைச் செய்ய வக்கில்லாமல் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சோற்றைக் கொண்டுவருவோம். பெண்ணை உங்களிடமே விட்டுவிட்டுத் திரும்ப அனுமதி வேண்டும். பந்தியில் யாராவது காரணம் கேட்டால் மறைக்க வேண்டாம். பூவாத்தாள் அங்கேயே தங்கிப் பத்தியம் ஆக்கிப்போடுவாள். எனக்கு இடம் கேட்கவில்லை.

பிரவீனாவுக்குத் தெரிந்தால், மோட்டார் ரூமே போதும் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். விட்டுவிடாதீர்கள்.

பிறக்கப்போகிற குழந்தை மல்லாந்து கிடந்து கண்ணைத் திறக்கும்போது, அதன் தலைக்குமேல் ஒரு கூரை இருக்கட்டும். அது உங்களுடையதாகவே இருக்கட்டும்.

தலைகுனிந்து,
நாச்சிமுத்து