ஞானம்பாள் பெஞ்சு

செஞ்சி,
12-2-64

மாமாவுக்கு வணக்கம். நானும் பாப்பாவும் சுகம். கடையில வியாபாரம் சுமார்தான்.

பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதையெல்லாம் இனிமே சர்க்காரே வாங்கித் தரணும்னு சட்டம் வரப்போகுதாமே? அதைத் தடுக்கத்தான் கமிட்டிக்காரங்களோட மெட்ராஸ் போயிருக்கீங்கன்னு வாத்தியாரம்மா சொன்னாங்க. ஊர்க்காரங்க தர்மம் பண்றது நின்னுடக் கூடாதுன்னு அங்க பேசுறீங்களாம். எனக்குத் தெரியாதா? எனக்கு முன்னால உங்களுக்கு வாக்கப்பட்டு இந்த வீட்டுல வாழ்ந்த அக்காவோட திதிக்கு வருஷா வருஷம் ஒரு பெஞ்சு கொடுத்து, அதுமேல 'ஞானம்பாள் நினைவாக'ன்னு பெயிண்ட்டுல எழுதுறீங்களே, அது நின்னுடும்.

செத்துப்போனவங்க மேல எனக்கு இன்னா பொறாமை? ஒண்ணும் இல்லை.

ஆனா நேத்து பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து குதிச்சுக்கிட்டு வந்தா. தானாவே எழுத்துக்கூட்டிப் படிச்சாளாம். இன்னாடி படிச்சேன்னு கேட்டேன். "ஞானம்பாள்"னா. என் வயித்துல பொறந்தது படிச்ச முதல் பேரு அது. அது யாரும்மான்னு வேற கேட்டா. சோத்தைப் போட்டு வச்சிட்டு உள்ள போயிட்டேன்.

சட்டம் வரட்டும் மாமா. வரலைன்னா, அடுத்த பெஞ்சுல என் பேரை எழுதுங்க. அதுக்கு நானும் சாகணும்னா, இப்பவே சொல்லிடுங்க.

இப்படிக்கு,
இன்னும் உயிரோட இருக்கிற
உங்க சம்சாரம்